"யூரின் அடைக்காது" என்று 7,500 ரூபாய் கேட்டால் கட்டிவிடாதீர்கள்

நேற்றுதான் டிஸ்சார்ஜ். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பெயர் வேண்டாம், நடுத்தர ரகத் தனியார் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்.

பெரியப்பாவுக்கு 68. முதுகில் ஊசி போட்டு ஹெர்னியா ஆபரேஷன். ராத்திரி நாலு தடவை எழுந்து யூரின் போகிறவர், மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வீக்கம். முதல் நாள் கவுன்சலிங் அறையில் இருந்த அம்மா பேனாவால் மூத்திரப்பையை வரைந்து, அதன் கழுத்தில் ஒரு வட்டம் போட்டு, "ஆபரேஷனுக்கு அப்புறம் இந்த இடம்தான் சார் இறுகிக்கும், யூரின் அடைச்சிக்கும். முன்னாடியே மருந்து குடுத்துடுவோம், யூரின் எடுக்கற ட்யூபே வேண்டாம்" என்றார். அந்தப் படத்தை நம்பித்தான் 7,500 கட்டியது.

மருந்து என்ன தெரியுமா? டாம்சுலோசின் 0.4 மி.கி., ஒரே ஒரு கேப்ஸ்யூல், ஆபரேஷனன்று காலை ஆறு மணிக்கு. ஒரு பட்டையே சில நூறு ரூபாய்தான். ரத்தத்தில் உச்சம் தொடவே நாலைந்து மணி நேரம் ஆகும். எட்டு மணிக்கு ஆபரேஷன்! மருந்தைக் குறை சொல்லவில்லை. புராஸ்டேட், மூத்திரப்பைக் கழுத்துத் தசைகளைத் தளர்த்தும். ஆனால் அடைப்பைத் தடுப்பதில் ஆய்வுகளிலேயே பலன் ஒரே மாதிரி இல்லை. கழுத்து திறந்தால் மட்டும் போதுமா, பை சுருங்க வேண்டாமா? முதுகு ஊசி அந்த நரம்புகளை மணிக்கணக்கில் மரக்க வைக்கும். அதற்கு மேல் ட்ரமடால் என்ற வலி மருந்து, பாட்டில் பாட்டிலாக சலைன். நிரம்பியதே தெரியாது.

மதியத்திலிருந்து "போகலை" என்றால் "பாத்ரூம்ல தண்ணி பைப்பைத் திறந்துவிட்டு உக்காருங்க" என்றார்கள். மூத்திரப்பையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று ஸ்கேன் வைத்துப் பார்க்கவில்லை. ராத்திரி ஒன்பதுக்கு ட்யூப் போட்டதும் யூரின் பேக்கில் 900 மில்லி! அவ்வளவு விரிந்தால் மூத்திரப்பை சுருங்கும் பலத்தையே இழக்கலாம். ட்யூபுக்குத் தனி பில் வேறு.

டியூட்டி டாக்டர்: "வயசாச்சில்ல." பில்லிங்: "பேக்கேஜ், ரிட்டர்ன் கிடையாது." கவுன்சலிங் அறை பூட்டு. போனது 7,500.

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பணம் கட்டுமுன் என்ன மருந்து, எத்தனை வேளை என்று எழுதி வாங்குங்கள். சளி மாத்திரை, அலர்ஜிக்கான அவில் சாப்பிட்டால் மறைக்காதீர்கள், அவையும் யூரினை அடைக்கும். டாம்சுலோசினை மெல்லக் கூடாது. சட்டென எழுந்தால் தலை சுற்றும். கண்புரை ஆபரேஷன் பாக்கி இருந்தால் கண் டாக்டரிடம் டாம்சுலோசின் சாப்பிட்டதைச் சொல்லியாக வேண்டும். ஆறு மணி நேரமாகியும் போகவில்லையா, பிளாடர் ஸ்கேன், அதாவது மூத்திரப்பை ஸ்கேன் கேட்டு நில்லுங்கள். 500 மில்லி தாண்டியிருந்தால் ட்யூபைத் தள்ளிப்போட விடாதீர்கள்.