ஒரே பெரிய பார்க்கா, தெருவுக்கொரு குட்டி பார்க்கா? மனை வாங்கறவங்களுக்கு

கோயமுத்தூர் சத்தி ரோடு பக்கம் நாங்க மனை தேடினப்போ கடைசியா ரெண்டு லேஅவுட் தான் நின்னுச்சு. ரெண்டுமே டிடிசிபி (அரசோட நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவ்டு, சென்ட் ரேட்டும் கிட்டத்தட்ட ஒண்ணு, ரோடு, கரண்ட் எல்லாம் சமம். ஒரே வித்தியாசம் பார்க் தான். ஒண்ணுல நடுவுல ஒரே பெரிய இடம், இன்னொண்ணுல ஏழு எடத்துல பிரிச்சு குட்டி குட்டியா விட்டிருந்தாங்க. நாங்க பெரிய பார்க் இருக்கறதுல வாங்கினோம், இப்பவும் அதைத்தான் சொல்வேன்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும், பார்க்குங்கறது புரமோட்டர் இனாமா தர்றது இல்ல. 10,000 சதுர மீட்டருக்கு மேல, அதாவது ரெண்டரை ஏக்கருக்கு மேல லேஅவுட் போட்டா, ரோடு போக மீதியில 10 சதவீதத்த ஓஎஸ்ஆர்னு, அதாவது பொதுவுக்கான திறந்தவெளின்னு ஒதுக்கி உள்ளாட்சி பேருக்கு தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆகணும். 3,000ல இருந்து 10,000 சதுர மீட்டர் வரைக்கும்னா இடத்துக்கு பதிலா அதோட மதிப்ப பணமா கட்டிட்டுப் போயிடலாம், அதனால சின்ன லேஅவுட்ல பார்க்கே இல்லாம இருந்தாலும் அது சட்டப்படி சரிதான், அங்க போய் பார்க் எங்கன்னு சண்டை போட முடியாது.

ஆக ரெண்டு பக்கமும் மொத்த அளவு ஒண்ணுதான். குட்டி பார்க் மேப்ல பாக்க அழகா இருக்கும், பச்சைப் பச்சையா நிறைய தெரியும், நிறைய மனைய "பார்க் ஃபேசிங்"னு சொல்லி விக்கலாம். ஆனா அஞ்சு வருஷம் கழிச்சு அந்த இடம் எப்படி இருக்கும்னு யோசிச்சா மெயின்டனன்ஸ் தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. பத்து ஏக்கர் லேஅவுட், ரோடுக்கு மூணு ஏக்கர் போச்சுன்னா மீதி ஏழுல 10 சதவீதம் 70 சென்ட். அது ஒரே சதுரமா இருந்தா ஒரு பக்கம் சுமார் 175 அடி, சுத்தி வேலி போட 700 அடி. அதே 70 சென்ட்ட பத்து பத்து சென்ட்டா ஏழா பிரிச்சா ஒவ்வொண்ணும் 66 அடி சதுரம், ஏழுக்கும் சேத்து வேலி 1,850 அடிக்கு வரும். இடம் ஒரு அடி கூட கூடல, வேலி மட்டும் ரெண்டரை மடங்குக்கு மேல. அதோட நிக்காது, ஏழு கேட், ஏழு பூட்டு, ஏழு எடத்துக்கு பைப் லைன், ஏழு எடத்துல லைட்டு.

எல்லாத்த விட தண்ணி தான் பெரிய விஷயம். எங்க பக்கம் ஆயிரம் அடி போர் போட்டும் காத்து வர்ற எடம் உண்டு. ஒரே பார்க்னா ஒரு தொட்டி, ஒரு சொட்டு நீர் லைன், ஒரு ஆள் காலையில வந்து முடிச்சுடலாம். நாங்க புல் தரை வேண்டாம்னு ஓரமா வேம்பு, புங்கன், மகிழம்னு வச்சோம், ரெண்டு மூணு கோடை தாங்கவச்சிட்டா அப்புறம் அதுங்க தானா நிக்கும். பெரிய எடமா இருந்ததால தான் மரத்த தள்ளித் தள்ளி வைக்க முடிஞ்சது, நடுவுல பசங்க கிரிக்கெட் ஆடறாங்க, மழைத்தண்ணி இறங்க குழியும் வெட்டியிருக்கோம். 66 அடியில ஒரு ஊஞ்சல், சறுக்கு, நாலு பெஞ்ச் போட்டாலே முடிஞ்சுது, கொஞ்சம் வளந்த பசங்களுக்கு அங்க வேலையே இல்ல.

இன்னொண்ணு ஆக்கிரமிப்பு. நடுவுல இருக்கற பெரிய பார்க்க நாலு தெருவும் பாக்குது, ஒரு லோடு மணல் கொட்டினாலே யாராவது கேப்பாங்க. மூலையில இருக்கற பத்து சென்ட்ல பக்கத்து வீட்டு கார் ஷெட் வரும், அப்புறம் சின்னதா ஒரு கோயில் வரும், அதுக்கப்புறம் யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. சட்டம் நம்ம பக்கம் தான் இருக்கு, பெங்களூர்ல பார்க்குக்கு ஒதுக்கின எடத்த தனியார் நர்சிங் ஹோமுக்கு கொடுத்தது செல்லாதுன்னு 1991லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா அதுக்கு அந்த ஏரியா ஜனங்க கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு, ஏழு துண்டுக்கும் யாரு அப்படி அலைவாங்க?

குட்டி பார்க்குக்கும் ஒரு நியாயம் இருக்கு, அத மறைக்க விரும்பல. மூணு வயசுக் குழந்தையையும் முட்டி வலிக்கற அம்மாவையும் ரோட்டத் தாண்டி கூட்டிட்டுப் போறதுக்கு வாசல்லயே ஒண்ணு இருந்தா எவ்ளோ நல்லது. மாசாமாசம் மெயின்டனன்ஸ் வாங்கி தோட்டக்காரர் வச்சிருக்கற கேட்டட் கம்யூனிட்டில இது நல்லாவே ஓடுது, என் தங்கச்சி வீட்டுல பாத்திருக்கேன். நான் அங்க குடியிருந்தவ இல்ல, போய் வந்தத வச்சுத்தான் சொல்றேன்.

பெரிய பார்க்னு சொன்னதும் அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. ஹைடென்ஷன் லைனுக்குக் கீழயோ ஓடை ஓரத்துல முக்கோணமாவோ தள்ளி விட்டிருந்தா 70 சென்ட் இருந்தும் பிரயோஜனம் இல்ல, நேர்ல போய் நின்னு பாருங்க. அப்ரூவ்டு பிளானையும் தானப் பத்திர நகலையும் கேட்டு வாங்கி, ரெண்டுலயும் அளவு ஒத்துப்போகுதான்னு சரிபாருங்க. பத்திரம் "போயிட்டிருக்கு"ன்னு சொன்னா அது முடியற வரைக்கும் பணத்த கையிலயே வச்சிருங்க.