பஸ் நிலையத்தடி நானாவின் ரொட்டிக்கடை, திருகோணமலை

மரக்கறி ரொட்டி நல்ல மொறுமொறுப்பு, சம்பலில்தான் உப்பு கூட. நான் இங்கேயே வருவதற்குக் காரணம் வேறு. வெள்ளிக்கிழமை எனக்கு மச்சம் (மீன், இறைச்சி) இல்லை என்று தெரிந்ததும், கேட்காமலே தனிக்கல்லில் ரொட்டி போடத் தொடங்கினார் கிண்ணியா நானா. "விரதம் உங்கட, கல்லைக் கழுவுறது என்ட வேலை, தங்கச்சி" என்றார். அவர் ஜும்ஆவுக்குப் போனால் கல்லாவில் இருப்பது பக்கத்துப் பூக்கடை அம்மா. கோணேஸ்வரத்துக்கு மாலை கட்டுபவர். நோன்பு மாதத்தில் பகலில் கடை பூட்டு. மாலையில் யார் போனாலும் கஞ்சி உண்டு, காசு வாங்கமாட்டார். கன்னியாவின் 7 வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு வரும் சிங்களக் குடும்பங்களோடு அரைகுறைச் சிங்களத்தில் பகிடி வேறு! பிளேன்டீக்கு இஞ்சி கேட்டு வாங்குங்கள். மின்விசிறிக்குக் கீழே மட்டும் இருக்காதீர்கள், சத்தம் தாங்காது.