ஹெச்ரெஃபா, எக்ஸ்லிங்கா?

தைப்பூசத்துக்காகப் பினாங்கில் ஒரு தண்ணீர்ப்பந்தல் வரைபடம் செய்துகொண்டிருந்தோம். குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து தண்ணீர்மலை வரை உள்ள பந்தல்களில் ஒன்றைத் தொட்டால், மோரா, சாப்பாடா என்று விவரம் திறக்க வேண்டும். வரைபடம் எஸ்விஜி (எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு மொழியின் விதிப்படி எழுதும் படம்), பக்கம் எச்டிஎம்எல் (வலைப்பக்க மொழி). படம் பக்கத்துக்குள் இருந்தவரை இணைப்புகள் ஒழுங்காக வேலை செய்தன. தனிக் கோப்பாக வெட்டி எடுத்ததும் படம் போய்ப் பிழைச் செய்தி வந்து நின்றது.

"அண்ணே, ஒரு எழுத்துகூட மாத்தலையே!" என்றான் கூட வேலை செய்யும் தம்பி. மாற்றாததுதான் வினை. இணைப்பின் முகவரியைச் சொல்லும் பண்பின் பெயர் ஹெச்ரெஃப்; வரைகலை மென்பொருள் அதை 'எக்ஸ்லிங்க்' என்ற முன்னொட்டோடு 'எக்ஸ்லிங்க்:ஹெச்ரெஃப்' என்று எழுதித் தந்திருந்தது. எச்டிஎம்எல்லுக்கு அந்த முன்னொட்டு தானாகவே தெரியும். தனிக் கோப்பை எக்ஸ்எம்எல்லாகப் படிக்கும்போதோ, அது யார் என்று மேலே அறிவித்தாக வேண்டும். வெட்டியபோது அந்த வரி விடுபட்டுவிட்டது.

2001இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்லிங்கின் எண்ணம் பெரியது: எக்ஸ்எம்எல் மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணைப்பு முறை. பல ஆவணங்களை ஒரே இணைப்பில் கோக்கவும் வழி வைத்தது. உலாவிகள் அந்தப் பகுதியைக் கண்டுகொள்ளவே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

2002இல் டபிள்யூ3சியின் கட்டமைப்புக் குழு எக்ஸ்லிங்கைப் பயன்படுத்தச் சொன்னது. எச்டிஎம்எல்லின் எக்ஸ்எம்எல் வடிவமான எக்ஸ்எச்டிஎம்எல் 2வை எழுதியவர்கள் மறுத்து, ஹெச்லிங்க் என்று தனி வரைவு போட்டார்கள். காரணம் நியாயமானதே. எக்ஸ்லிங்கில் ஓர் உறுப்புக்கு ஒரு முகவரிதான். எச்டிஎம்எல் படத்துக்கோ படக்கோப்பு ஒன்று, நீண்ட விளக்கம் ஒன்று என அப்போது இரண்டு முகவரிகள் இருக்க முடிந்தது.

வெறும் ஹெச்ரெஃபும் பெரிய ஒழுங்கில்லை. எச்டிஎம்எல்லிலேயே முகவரி தரும் பண்புக்கு, படத்துக்கு எஸ்ஆர்சி, படிவத்துக்கு ஆக்ஷன், ஆப்ஜெக்டுக்கு டேட்டா என்று ஆளுக்கொரு பெயர். இருந்தாலும் பழகிய பெயர்தான் ஜெயித்தது. 2010இல் கணிதக் குறியீட்டு மொழியான மேத்எம்எல் 3 அந்த ஹெச்ரெஃபையே எடுத்துக்கொண்டது. எஸ்விஜி 2 முன்னொட்டைக் கைவிடச் சொல்கிறது. நூல், கையேடு எழுதும் மொழியான டாக்புக் 5 இன்னும் எக்ஸ்லிங்க் பக்கம்.

புதிதாக எழுதினால் வெறும் ஹெச்ரெஃப் போதும். எங்கள் வரைபடத்தில் இரண்டையும் வைத்தோம், அறிவிப்பு வரியோடு. வெறும் ஹெச்ரெஃபை அறியாத, சஃபாரி 12.1க்கு முந்தைய உலாவி உள்ள ஐஃபோன் வைத்திருக்கும் மாமாக்களும் பந்தலைத் தேடுவார்களே! இரண்டும் இருந்தால் வெறும் ஹெச்ரெஃப்தான் செல்லும். அப்புறம் இன்னொன்று: எஸ்விஜியை இமேஜ் டேகில் போட்டால் உள்ளே இருக்கும் இணைப்பு எதையும் தொட்டுத் திறக்க முடியாது, ஆப்ஜெக்ட் டேகில் போடுங்கள்.