ஸீலேண்டியாவா, ரோட்டோபிகோவா?

நியூசிலாந்தில் வேலி போட்டுக் காக்கும் நீர்நிலைகளில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எதற்குப் போவது?

ஸீலேண்டியா வெலிங்டன் நகருக்குள்ளேயே இருக்கிறது. 225 ஹெக்டேர், 1999இல் முடிந்த 8.6 கிலோமீட்டர் வேலி. உள்ளே இருக்கும் ஏரிகள் ஒரு காலத்தில் ஊருக்குக் குடிநீர் தந்த அணைத் தேக்கங்கள். வேலியைக் கிட்டே போய்ப் பாருங்கள்: எலி நுழையாத நெருக்கமான கம்பி வலை, பூனை ஏறித் தாண்டாதபடி உச்சியில் வளைந்த தகடு, தோண்டி வருபவற்றுக்காக மண்ணுக்கடியிலும் வலை. இத்தனைக்கும் சுண்டெலிகள் மட்டும் உள்ளே இருக்கத்தான் செய்கின்றன! பல்லி போலிருக்கும் துவாத்தாரா, பறக்காத பறவையான டக்கஹே எல்லாம் இங்கே உண்டு. காகா கிளிகளுக்கு வேலி ஒரு பொருட்டே இல்லை. பறந்துபோய் ஊர்த் தோட்டத்து மரப்பட்டைகளை உரிக்கின்றன.

ரோட்டோபிகோ ஹாமில்டனுக்குத் தெற்கே, பால் பண்ணைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன இடம். ஆனால் நிஜமான சதுப்பு நில ஏரி இதுதான். இது இருக்கும் வைகாட்டோ பகுதியின் பல ஏரிகள் அயல் மீன்களாலும் களைகளாலும் கலங்கிப்போக, இங்கே மண்ணின் நீர்த்தாவரங்கள் நீருக்கடியில் பிழைத்திருக்கின்றன.

குழந்தைகளோடு போனால் ஸீலேண்டியா, சரி. ஈரநிலம்தான் குறி என்றால் நான் ரோட்டோபிகோ பக்கம்.