கனஸாவா மியோரியூஜி: வெளியே இரண்டு மாடி, உள்ளே நான்கு

ஜப்பானின் கனஸாவா நகரில் இருக்கும் மியோரியூஜி பௌத்தக் கோயிலுக்கு, ‘நிஞ்சா கோயில்’ என்ற செல்லப்பெயரை நம்பி நிஞ்சாக்களைத் தேடிப் போகாதீர்கள். இங்கே அப்படி யாரும் இருந்ததில்லை. பார்க்க வேண்டியது தச்சு வேலை.

கனஸாவாவைச் சுற்றியிருந்த காகா நாட்டை ஆண்ட மாயேதா குடும்பத்தின் வருமானம் பத்து லட்சம் கோக்கு அரிசி (ஒரு கோக்கு சுமார் 150 கிலோ). அவ்வளவு வசதியுள்ள பிரபுவை ஜப்பான் முழுவதையும் ஆண்ட ராணுவத் தலைவரான தோக்குகாவா ஷோகுன் சந்தேகத்தோடுதான் பார்த்தார். மூன்று மாடிக்கு மேல் கட்டத் தடை இருந்த அந்தக் காலத்தில், 1643இல் மாயேதா தோஷித்சுனே இந்த நிச்சிரென் பௌத்தப் பிரிவுக் கோயிலை, தாக்குதல் வந்தால் தற்காத்துக்கொள்ளும் இடமாகவும் இருக்கும்படி, இப்போதைய இடத்துக்கு மாற்றினார். தெருவிலிருந்து பார்த்தால் இரண்டு மாடிதான். உள்ளே நான்கு மாடி, அவற்றுக்குள் இடைத்தளங்களையும் சேர்த்து ஏழு தளம், 23 அறை, 29 படிக்கட்டு!

வாசலிலேயே தரையில் பதித்த உண்டியல் இருக்கிறது. மேலே உள்ள சட்டத்தை எடுத்துவிட்டால் அதுவே படுகுழி. அதைவிட நுட்பமானது வெளிச்சப் படிக்கட்டு. படிக்கும் படிக்கும் நடுவே பலகைக்குப் பதில் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். ஏறுகிறவனின் கால் நிழல் அதில் விழும். உள்ளே பதுங்கியிருப்பவன் ஈட்டியால் குத்த அது போதும். இந்த இடத்தில் நிதானமாக நின்று பாருங்கள். சுமார் 25 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து கனஸாவா கோட்டைக்குச் சுரங்கம் போகிறது என்பார்கள். நடுவே சாய் ஆறு ஓடுவதால் அதைக் கதையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

முன்பதிவு இல்லாமல் போனால் ஏமாற்றம்தான். ஜப்பானிய மொழி தெரியாதவர்கள் தங்கும் விடுதியில் சொல்லித் தொலைபேசியில் பேசச் சொல்வது எளிது. வழிகாட்டியோடு குழுவாகத்தான் போக முடியும். விளக்கம் முழுக்க ஜப்பானிய மொழியில். ஆங்கிலக் குறிப்பேடு தருவார்கள்; குழு கிளம்புவதற்கு முன்பே அதைப் படித்துவிடுங்கள். நடந்துகொண்டே படித்தால் வழிகாட்டி பலகையைத் தூக்கி ரகசியப் படியைக் காட்டும் நொடி தவறிப்போகும். இந்த வழிகாட்டிச் சுற்றின் பெரிய குறை இந்த வேகம்தான். நாற்பது நிமிடம் இந்தக் கட்டடத்துக்குப் போதவே போதாது.

உள்ளே புகைப்படம் எடுக்கக் கூடாது. பள்ளி வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. படிகள் செங்குத்து, சில இடங்களில் கூரை தலையில் இடிக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போங்கள். கனஸாவா நிலையத்திலிருந்து பஸ்ஸில் வந்து ஹிரோகோஜியில் இறங்கினால் ஐந்து நிமிட நடை.