ஜிமெயில் திறக்காதபோது: மறைநிலைச் சாளரமா, குக்கி நீக்கமா?

குரோம் உலாவியில் ஜிமெயில் பாதியிலேயே நின்றுவிட்டால், மறைநிலை (Incognito) எனும் தனிச் சாளரத்தில் திறந்து பார்ப்பதா, குக்கிகளையும் (உள்நுழைவு போன்றவற்றை நினைவில் வைக்கத் தளங்கள் உலாவியில் சேமிக்கும் சிறு தரவுகள்) தற்காலிகக் கோப்புகளையும் அழிப்பதா என்ற தயக்கம் எழுகிறது.

நேரம்: விண்டோஸ் கணினியில் மறைநிலைக்குக் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் விசைகள் போதும், அழிப்பதற்கு எவற்றை நீக்குவது என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இழப்பு: முன்னதில் எதுவும் அழிவதில்லை. பின்னதில் எல்லாக் குக்கிகளையும் நீக்கினால் பிற தளங்களிலிருந்தும் வெளியேற்றப்படுவீர்கள் என்பதால், கடவுச்சொற்கள் நினைவில்லாதவர்கள் ஜிமெயில் தளத்தின் தரவை மட்டும் நீக்குவதே நல்லது.

பலன்: மறைநிலை பழைய குக்கிகளைப் பயன்படுத்தாது, நாமாக அனுமதிக்காத நீட்டிப்புகளையும் (உலாவியில் நாம் சேர்க்கும் கூடுதல் கருவிகள்) இயக்காது, ஆகவே அங்கு அஞ்சல் திறந்தால் கோளாறு பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும். ஆனால் கண்டறிய உதவுமே தவிர, அது கோளாறை நீக்காது.

அவசரமாக ஓர் அஞ்சலைப் படிக்க மறைநிலையே ஏற்றது; சிக்கல் நாள்தோறும் தொடர்ந்தால், நீட்டிப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்த பிறகே அழிப்பில் இறங்குங்கள்.