லாங் பஜார் சந்துல சால்மன் கிடைச்சாரு

வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு சந்துல இருக்கிற பழைய புக் கடைங்க, போன வாரம் அங்க ஜார்ஜ் சால்மன்ங்கிற அயர்லாந்து கணிதவியலாளர் எழுதுன கூம்பு வளைவுகள் புக்கோட மறுபதிப்பு கிடைச்சுது, 1848ல முதல்ல வந்தது. பரவளையம் நீள்வட்டம் எல்லாத்தையும் சமன்பாடு வச்சே பிரிச்சு மேஞ்சிருக்காரு, ப்ளஸ் டூல நான் மனப்பாடம் பண்ண சூத்திரம் எங்கருந்து வருதுன்னு இப்பத்தான் புரிஞ்சுது.

மனுஷன் டப்ளின் ட்ரினிட்டி காலேஜ்ல படிச்சு 1841ல அங்கயே ஃபெல்லோ ஆகி வருஷக்கணக்கா கணக்கு சொல்லிக் குடுத்தவரு, 1849ல ஆர்தர் கெய்லிங்கிற இங்கிலாந்து கணிதவியலாளரும் இவரும் சேர்ந்து, மூணாம்படி சமன்பாட்டுல வர்ற வழவழப்பான வளைபரப்புல 27 நேர்கோடு இருக்குன்னு காட்டுனாங்க, நெனச்சாலே சிலிர்க்குது. 1866ல இறையியல் பேராசிரியரா போயிட்டாரு, எனக்கு அதுதான் மனசு ஆறல. 1888ல இருந்து 1904ல சாகுற வரை காலேஜ் தலைவர்.

பைண்டிங் மட்டும் மோசம், ரெண்டு தடவ பிரிச்சதும் பக்கம் கையோட வந்துருச்சு, படங்களும் மங்கல். ஆனா ஒரு பக்க ஓரத்துல யாரோ பென்சில்ல தொடுகோடு வரைஞ்சு அழிச்சு திரும்ப வரைஞ்சிருக்காங்க. கடைக்கார அண்ணன் உக்காந்து படிக்க ஸ்டூல் குடுத்தாரு, சாயங்காலமா போங்க, மதியம் உள்ள வெக்கை தாங்காது.